தனிச் சிரிப்பு, எண் 38/4

என் வீட்டுக்காரர் எதற்கும் அவசரப்படாத ஆள். லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவை இடித்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். இவர் வெளியே தரையில் துணியை விரித்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்து, "பத்து நிமிஷம் ஆகும், பயப்படாதீங்க" என்பார். பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான்.

சிரிப்பும் அதே கதிதான். எல்லாரும் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போன பிறகு இவருக்கு ஆரம்பிக்கும். முதலில் ஒரு மூச்சு உள்ளே போகும். அப்புறம் மூக்கில் சின்னதாக ஒரு விசில். அதற்கப்புறம் ஆளே குலுங்குவார், நாற்காலியும் கூடச் சேர்ந்து கிரீச்சிடும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது ஆறேழு தடவை இருந்தால் அதிகம். அதில் ஒன்று மட்டும் பதிவாகியிருந்தது.

பதிவானது மொட்டையின் நாலாவது மேடை நிகழ்ச்சியில். மொட்டை என்பது அந்தக் காமெடியனுக்கு ஊர் வைத்த பெயர், தலையைப் பார்த்து வைத்தது. ஒன்றரை மணி நேரம் தனியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு மந்திரியில் ஆரம்பித்து மாமியார் வரை யாரையும் விடமாட்டான். அதைக் கூட்டத்தோடு படம்பிடித்து, பிறகு வெளியிடுவார்கள். வீட்டுக்கு வீடு டிவியில் ஓடும். அந்த அரங்கத்தின் லிஃப்டைச் சரிசெய்து கொடுத்ததற்காக இவருக்கு மூன்றாவது வரிசையில் இரண்டு சீட் கிடைத்தது. நானும் போனேன்.

முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் மொட்டை இதைச் சொன்னான்.

"ஒரு ஆஸ்பத்திரியில புது லிஃப்ட். திறந்து வைக்க மந்திரி வந்தார். ரிப்பனை வெட்டினார், உள்ள ஏறினார். கூட வந்த பதினோரு பேரும் ஏறினாங்க. ஆறு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்கு. லிஃப்ட் நகரல. ஆறு பேர் இறங்குங்கய்யான்னா ஒருத்தனும் இறங்கல. இறங்கினவன் திரும்ப ஏற முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு வரைக்கும் அங்கேயேதான் நிக்கறாங்க. மேலயும் போகல, கீழயும் வரல. அதுக்குப் பேர்தான் நிலையான ஆட்சி."

அறுநூறு பேர் சிரித்தார்கள். சிரித்து முடித்தார்கள். மொட்டை தண்ணீர் குடித்தான். அப்போதுதான் என் பக்கத்தில் அந்த மூச்சு உள்ளே போனது. இவர் சிரிக்க ஆரம்பித்ததும் அரங்கமே திரும்பிப் பார்த்தது. மொட்டை எட்டிப் பார்த்து, "அண்ணே, உங்க மாடிக்கு இப்பத்தான் லிஃப்ட் வந்துச்சா?" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையைக் கிள்ளினேன். அவர் நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "அந்த லிஃப்ட்டுக்கு நான்தான் போனேன். அவன் சொன்னது நெஜம். கதவைத் திறந்து விட்ட பிறகும் ஒருத்தரும் வெளிய வரல, தெரியுமா?"

அடுத்த இரண்டாவது மாசம் ஒரு மொட்டைமாடி மெஷின் ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். எல்லாவற்றிலும் நிதானமாக இருந்த மனுஷன் இதில் மட்டும் அவசரப்பட்டுவிட்டார். எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

ஆறு மாசம் கழித்து மொட்டையின் நிகழ்ச்சி வெளியானது. நானும் என் மகளும் பார்த்தோம். அவளுக்கு ஐந்து வயசு, குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவர் குரல் வேண்டுமென்றால் என் போனில் இருக்கிறது. "வந்துட்டேன்", "பால் வாங்கணுமா", "சரி வை". சிரிப்பு எங்கேயும் கிடையாது, இந்த ஒரு இடத்தைத் தவிர. அன்றிலிருந்து குட்டிக்கு அது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கியதும், "அப்பாவைப் போடும்மா" என்பாள். முப்பத்தெட்டாவது நிமிஷத்துக்குத் தள்ளிவிடுவேன். முழுசாகப் பதினொரு விநாடி. கேட்டுவிட்டு விளையாடப் போவாள்.

ஒரு நாள் தள்ளினேன், மொட்டை ஜோக்கைச் சொன்னான், சத்தமே இல்லை. அறுநூறு பேரையும் காணவில்லை. அவன் தண்ணீர் குடித்தான். பதினொரு விநாடி சும்மா நின்றான். பிறகு இருட்டைப் பார்த்து, "அண்ணே, உங்க மாடிக்கு இப்பத்தான் லிஃப்ட் வந்துச்சா?" என்றான். பார்க்கப் புத்தி பேதலித்தவன் மாதிரி இருந்தான்.

"அப்பா எங்கம்மா?" என்றாள் குட்டி.

டிவி கோளாறு என்றேன். கோளாறு இல்லை. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி ஓடியது: 'பதிவு நிகழ்ச்சிகள் ஒழுங்கு வாரியத்தின் உத்தரவுப்படி இந்நிகழ்ச்சியிலிருந்து சிரிப்புகள் அகற்றப்பட்டுள்ளன. நகைச்சுவைகளில் மாற்றம் இல்லை.'

நான் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். பவர் பார்த்து, ஃபிரேம் பொருத்தி, மூக்கில் உட்காரும்படி வளைத்துக் கொடுப்பது என் வேலை. பொடி எழுத்தைப் படிக்க முடியாமல் வருகிறவர்களை நித்தம் பார்க்கிறேன். இந்த வரியைப் படித்துவிட்டு எனக்கே கண்ணில் கோளாறோ என்று தோன்றியது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு வாரியத்துக்குப் போனேன்.

ஐந்து மாடிக் கட்டடம். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அட்டையே பழசாகி மஞ்சளாகியிருந்தது. நாலு மாடி ஏறினால் 'அகற்றப்பட்ட ஒலிகள் பிரிவு'. உள்ளே இரும்பு அலமாரிகள், அவற்றில் அடுக்கடுக்காகப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி சீட்டு. நடுவில் ஒரு மேஜை, அதன் பின்னால் கண்காணிப்பாளர் அம்மா. அவருடைய கண்ணாடியின் ஒரு கால் கழன்று நூலால் கட்டியிருந்தது. என் கை துறுதுறுத்தது.

"சிரிப்பா? இங்கதான் இருக்கு," என்றார். "நான் இந்தப் பிரிவுக்கு வந்து பதினாறு வருஷம். ஒரு சிரிப்புகூடத் தொலைஞ்சதில்ல. கூட்டுச் சிரிப்பு அந்தப் பக்கம். கைதட்டலோட வந்தது இந்தப் பக்கம். அடக்கின சிரிப்பு, இருமலா மாத்தின சிரிப்பு, பக்கத்துல இருக்கறவர் சிரிச்சதால சிரிச்சது, எல்லாம் மேல் தட்டுல. உங்களோடது என்ன வகை?"

"என்னோடது இல்லங்க. என் வீட்டுக்காரரோடது. தனியா, லேட்டா."

பெரிய நோட்டைப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. "தனிச் சிரிப்பு, எண் முப்பத்தெட்டுக் கீழ் நாலு. தாமதத் தொடக்கம் ஒன்று, மூக்கு விசில் ஒன்று, நாற்காலிச் சத்தம் ஒன்று. உரிமையாளர் தெரியவில்லை." நிமிர்ந்து பார்த்தார். "இவர்தானா அது?"

யாரோ ஒருத்தர் அவரைக் காது கொடுத்துக் கேட்டு, விசிலைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார். "ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்" என்றேன்.

"அது முடியாதும்மா. போட்டால் வெளியீடு ஆயிடும். உரிமை கோரிக்கை குடுங்க. அகற்றின நாள்லேருந்து தொண்ணூறு நாள் வெச்சிருப்போம், அப்புறம் அழிச்சிடுவோம். இன்னிக்கு ரெண்டாவது நாள். நெறைய நேரம் இருக்கு. சிரிச்சவரையே கூட்டிட்டு வாங்க."

"அவர் இறந்துட்டார்."

"அடடா." நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு நோட்டைப் பார்த்தார். "அப்படின்னா சிரிச்சப்ப உயிரோட இருந்தார்ங்கறதுக்கு ஒரு சான்று வேணுமே."

"செத்துப் போனவர் எப்படிங்க சிரிப்பார்?"

"அதைத்தாம்மா வாரியமும் கேட்கும்."

அந்தச் சான்றுக்காக நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் உங்களுக்குக் கால் வலிக்கும். கடைசியில் லிஃப்ட் கம்பெனி வருகைப் பதிவேட்டின் நகலை வைத்து ஒரு அதிகாரி எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி நபர் மறுநாள் காலை எட்டு மணிக்குப் பணிக்கு வந்து கையொப்பமிட்டிருப்பதால், முந்தைய நாள் மாலை உயிருடன் இருந்திருப்பார் எனக் கருத இடமுண்டு.' அதற்கே ஐந்து வாரம் ஓடிவிட்டது. கடைக் காலண்டரில் தினமும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் குட்டி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடையில் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். என்ன கடை என்று கேட்டாள். பெரிய கடை என்றேன்.

சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கண்காணிப்பாளர் அம்மா இன்னொரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரே ஒரு கேள்வி: 'சிரித்ததற்கான காரணம்.'

"ஜோக்குக்குச் சிரிச்சார்னு எழுதட்டுமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எழுதினால் ஆட்சியைப் பார்த்துச் சிரிச்சதா ஆயிடும்."

"அப்ப சும்மா சிரிச்சார்னு?"

"காரணமில்லாத சிரிப்பு மருத்துவத் துறைக்குப் போகும். அங்க போனது திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. உள்ளதை உள்ளபடி எழுதிடுங்கம்மா. பொய் எழுதினாதான் வம்பு."

சொந்த புத்தி என்று ஒன்று இருந்தால் நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதினேன். அந்த லிஃப்டுக்குப் போன மெக்கானிக் இவர்தான், தானே பார்த்ததை இன்னொருத்தர் வாயால் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும் முன் அந்த அம்மாவின் கண்ணாடியை வாங்கி, பையில் இருந்த சின்னத் திருகாணியைப் போட்டு முடுக்கிக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்தவர் அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார்.

"இத்தனையும் கேட்டுக் கேட்டுப் பிரிக்கறீங்களே, உங்களுக்குச் சிரிப்பு வராதா?" என்று கேட்டேன்.

"வரும். உள்ளயே போயிடும்," என்றார். "இப்ப அல்சருக்கு மாத்திரை சாப்பிடறேன்."

ஐம்பத்தெட்டாவது நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்தாவது மாடி. அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு ஆள் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தான். அந்த வழுக்கையை எங்கே பார்த்தாலும் தெரியும். மேடையில் புலி மாதிரி நடப்பவன், பெஞ்சில் முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது நிகழ்ச்சிக்குக் கையெழுத்துப் போட வந்தானாம்.

"மூணாவது வரிசை," என்றேன். "லேட்டா சிரிச்சவரோட சம்சாரம்."

அவன் முகம் மலர்ந்தது. "அண்ணனா? மறக்க முடியுமா அவரை? அந்த ஒரு சிரிப்புக்காக நான் இன்னும் பத்து வருஷம் மேடை ஏறலாம். நல்லா இருக்காரா?"

"இல்ல. போயிட்டார்."

மறுபடியும் காகிதத்தின் மேல் குனிந்துகொண்டான். எனக்கு அவனைப் பார்த்துப் பரிதாபப்படத் தோன்றவில்லை. "யாருக்கும் பயப்பட மாட்டேன்னு மேடையில சொன்னீங்களேண்ணே. சிரிப்பை எடுக்க எப்படி விட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஜோக்கைத் தூக்கட்டுமா, சிரிப்பைத் தூக்கட்டுமான்னு கேட்டாங்க தங்கச்சி. யோசிச்சுப் பார்த்தேன். ஜோக்கு நான் எழுதினது, என் உழைப்பு. ஒரு எழுத்தை விட்டுக்குடுக்க மாட்டேன்னு மேஜையைத் தட்டிச் சொல்லிட்டேன். சிரிப்பு உங்களோடதுதானே? அதைக் குடுத்துட்டேன்." அவனுக்கே கேட்க நன்றாக இல்லை போலிருக்கிறது. கையிலிருந்த காகிதத்தை மடித்தான். "அப்ப அது பெரிய விஷயமாத் தெரியல" என்றான்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேஜை, ஐந்து உறுப்பினர்கள், நடுவில் தலைவர். ஓரத்தில் சுருக்கெழுத்து அம்மா. சுவரில் ஒரு பலகை: 'இவ்வறையில் சிரிப்பது விசாரணையின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படும்.' தலைவரின் கண்ணாடி இடது பக்கம் ஒரு விரல்கடை சரிந்திருந்தது. அதற்கு ஈடுகொடுக்கத் தலையை வலது பக்கம் சாய்த்தே வைத்திருந்தார்.

"அம்மா, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்," என்று தலைவர் ஆரம்பித்தார். "இந்த வாரியம் நகைச்சுவைக்கு எதிரி இல்லை. சொல்லப்போனா நகைச்சுவையைக் காப்பாத்தறதே நாங்கதான். மேடையில ஒருத்தர் என்ன வேணாலும் பேசட்டும். அது கருத்துச் சுதந்திரம். தனி ஆள், பாவம், பேசிட்டுப் போகட்டும். ஆனா அதைக் கேட்டு அறுநூறு பேர் ஒரே நேரத்துல ஒரே சத்தம் போடறாங்க பாருங்க, முன் அனுமதி வாங்கினாங்களா? அதுக்குப் பேர் கூட்டம். எங்க கவலை எல்லாம் கூட்டத்தைப் பத்தித்தான்."

"அவர் கூட்டத்தோட சிரிக்கல சார். எல்லாரும் முடிச்ச பிறகு தனியாத்தான் சிரிச்சார்."

"அதுதான் எங்களுக்கு இன்னும் கவலை. கூட்டத்தோட சிரிச்சவனை மன்னிச்சிடலாம், ஏதோ அடிச்சிட்டுப் போற வெள்ளத்துல போயிட்டான்னு. இவர் பொறுமையா யோசிச்சு, புரிஞ்சுகிட்டு சிரிச்சிருக்கார்."

நான் எழுதிக் கொடுத்த காரணத்தை ஒரு உறுப்பினர் உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க மேஜையைச் சுற்றி முகங்கள் மாறின.

"அப்ப அந்தச் சம்பவம் நடந்ததுங்கறீங்களா?" என்றார் தலைவர்.

"நடந்தது சார். இவர்தான் போய்க் கதவைத் திறந்தார்."

"உள்ள எத்தனை பேர்?"

"பன்னெண்டு."

"அனுமதிக்கப்பட்டது?"

"ஆறு."

"கதவு திறந்ததும் வெளிய வந்தாங்களா?"

"இல்ல சார். முக்கால் மணி நேரம் அப்படியே நின்னாங்களாம். அப்புறம் மந்திரிக்கு பாத்ரூம் வந்துச்சு. அவர் இறங்கினார், எல்லாரும் பின்னாடியே இறங்கினாங்க."

சுருக்கெழுத்து அம்மா நிறுத்தினார். "இதை எப்படி எழுதறது சார்?"

"இயற்கை உபாதையை முன்னிட்டு நிலைமை சுமுகமானதுன்னு எழுதுங்க," என்றார் தலைவர். பிறகு உறுப்பினர்களோடு தலையைச் சேர்த்து வைத்துக் குசுகுசுத்தார். அரை மணி நேரம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"பிரச்சினை என்னன்னா அம்மா," என்றார் ஒருவழியாக, "நடக்காததைச் சொன்னால் அது ஜோக். அது எங்க வரம்பு. நடந்ததைச் சொன்னால் அது செய்தி. செய்தியைக் கேட்டுச் சிரிக்கறது வேற துறை. உங்க வீட்டுக்காரர் சிரிச்சது எந்தத் துறைன்னு தெளிவு கேட்டு மேலிடத்துக்கு எழுதணும். பதில் வரட்டும். நீங்க உண்மையை எழுதாம இருந்திருந்தா இன்னிக்கே முடிச்சிருக்கலாம்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பையைத் திறந்து துணி விரிக்கிற அழகு ஞாபகம் வந்தது. இந்த ஐந்து மாடியையும் ஒரு ஸ்க்ரூ விடாமல் கழற்றிப் போட்டு, "பத்து நிமிஷம் ஆகும்" என்று அவர் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவரே இருந்திருந்தால் நான் எதற்கு இங்கே வரப்போகிறேன்?

நாட்கள் போயின. எழுபது, எழுபத்தைந்து, எண்பது. இரண்டு தடவை போய்க் கேட்டேன். பதில் வரவில்லை என்றார்கள். கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தார். வீட்டில் குட்டி கேட்பதை நிறுத்திவிட்டாள். அது நான் எதிர்பார்க்காத அடி. கேட்டுக்கொண்டிருந்தபோது எரிச்சலாக வந்தது, நிறுத்தினதும் பயம் வந்தது. "அப்பா எப்படிச் சிரிப்பார், சொல்லு" என்று ஒரு நாள் நானே கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "மறந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் படம் வரையப் போய்விட்டாள்.

எண்பத்தேழாவது நாள் தபால் வந்தது. தொண்ணூறாவது நாள் காலை பதினொரு மணிக்கு அடையாளம் காட்டும் விசாரணை. அப்பாடா, கெடுவுக்குள் வந்துவிட்டது என்று அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்குக் கூறு கிடையாது.

அதே அறை, அதே மேஜை. மேலிடம் பதில் அனுப்பிவிட்டதாம்: சம்பவம் நடக்கவில்லை, ஆகவே அது ஜோக், ஆகவே வாரியமே பார்த்துக்கொள்ளலாம். நடந்தது நடக்கவில்லை என்று முடிவானதில் எல்லாருக்கும் நிம்மதி. தலைவர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்.

"இந்தச் சிரிப்பு உங்க வீட்டுக்காரரோடதுதான்னு நிரூபிக்கணும். அவர் எப்படிச் சிரிப்பாரோ அப்படியே சிரிச்சுக் காட்டுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்காங்க?"

"நிஜமானதை ஒரு தடவை போட்டுக் காட்டினீங்கன்னா..."

"அது நடுநிலையைப் பாதிக்கும். பதிவேட்டுக் குறிப்போட ஒப்பிட்டுப் பார்ப்போம். மூணு வாய்ப்பு. பதிவும் செய்வோம்." மேஜையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பொத்தானை அழுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் போனதிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை. ஐந்து ஆம்பிளைகள் குறிப்பேட்டோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் தடவை தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. "இது இருமல் வகை" என்றார் ஒரு உறுப்பினர். இரண்டாவது தடவை சத்தம் வந்தது, விசில் வரவில்லை. "தாமதமும் போதாது" என்றார் தலைவர். "அவர் எவ்வளவு நேரம் கழிச்சு ஆரம்பிச்சார், அந்த நேரம் விடணும். நாற்காலியும் வேணும்."

நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த அரங்கத்துக்குப் போனேன். எல்லாரும் சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தேன். மொட்டை தண்ணீர் குடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் அவர் சட்டையில் கிரீஸ் வாசனை. நான் கிள்ளிய கை. மூச்சு தானாக உள்ளே போனது, மூக்கில் விசில் வந்தது, நாற்காலி கிரீச்சிட்டது. நான் அவராகச் சிரித்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. நிறுத்த முடியவில்லை.

நான் ஓய்ந்த பிறகு உறுப்பினர்கள் குனிந்து குறிப்பெழுதினார்கள். அப்போது ஓரத்திலிருந்து, களுக்கென்று, சுருக்கெழுத்து அம்மா சிரித்துவிட்டார். வாயைப் பொத்தியும் விரல் இடுக்கில் வந்தது.

"யாரு சிரிச்சது?" என்றார் தலைவர்.

"நான்தான் சார்."

"நேரத்தைக் குறிங்க."

"நான் சிரிச்சதையும் நானே எழுதணுமா சார்?"

"நீங்கதானே சுருக்கெழுத்து. வேற யாரு எழுதுவா?"

சிவப்பு விளக்கை அணைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாமதத் தொடக்கம் ஒன்று, சரி. விசில் ஒன்று, சரி. நாற்காலி ஒன்று, சரி. உத்தரவைப் படிக்கத் தலைவர் காகிதத்தை எடுத்தார். எழுத்து தெரியவில்லை. கையை நீட்டினார், மடக்கினார், பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்க கண்ணாடிக் கடையில இருக்கறதா விண்ணப்பத்துல பார்த்தேன். இதைக் கொஞ்சம் நேராக்கித் தர முடியுமா?"

என்ன செய்வது, வாங்கி நேராக்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு படித்தார். "எண் முப்பத்தெட்டுக் கீழ் நாலு, மனுதாரரின் கணவருடையதே என்று இவ்வாரியம் மகிழ்ச்சியுடன் ஏற்கிறது. ஒப்படைக்கும்படி பிரிவுக்கு உத்தரவிடப்படுகிறது."

நான்காவது மாடிக்கு இறங்கினேன் என்று சொல்ல மாட்டேன், ஓடினேன். கண்காணிப்பாளர் அம்மா உத்தரவை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். 38/4-க்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது.

"இன்னிக்குத் தொண்ணூறாவது நாளும்மா. காலையில பத்து மணிக்கு அழிக்கணும்னு விதி."

"பதினோரு மணிக்கு விசாரணை வெச்சிருந்தாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். விசாரணை மேல் மாடி. விதி இந்த மாடி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் முடுக்கிக் கொடுத்த கண்ணாடி. "அழிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை போட்டுக் கேட்டேன். நல்ல சிரிப்பும்மா. இந்தப் பதினாறு வருஷத்துல அந்த மாதிரி கேட்டதில்ல."

அந்த அம்மாவைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. கடைசியாக அவரைக் கேட்டவள் அவள்தான் என்பதால், கையைப் பிடித்துக்கொண்டு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றேன். அந்த அம்மா மேலே போய் ஏதோ பேசிவிட்டு ஒரு மணி நேரத்தில் ஒரு உறையோடு வந்தார். மூன்று முத்திரை. உள்ளே ஒரு பென் டிரைவ், ஒரு சான்றிதழ்.

'மூலம் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டபடியால், மனுதாரரின் துயரைக் கருணையுடன் கருத்தில் கொண்டு, மூலத்தோடு ஒத்திருப்பதாக வாரியம் சான்றளித்த மூன்றாவது முயற்சியின் பதிவு, உண்மை நகலாக வழங்கப்படுகிறது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும். நகைச்சுவையோடு சேர்த்து ஒலிக்கச் செய்யக் கூடாது. ஜன்னல்களைச் சாத்திய பின்னரே ஒலிக்கச் செய்ய வேண்டும்.'

என் சிரிப்பை எனக்கே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தேன். குட்டி தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தெருப்பக்க ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. கீழே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படியே திறந்து கிடக்கட்டும், என்ன செய்து கிழித்துவிடுவார்கள் என்று டிவியைப் போட்டேன். முப்பத்தெட்டாவது நிமிஷம். மொட்டை ஜோக்கைச் சொல்லி முடித்ததும் படத்தை நிறுத்திவிட்டு, உறையிலிருந்ததைச் சொருகினேன்.

மூச்சு உள்ளே போனது. விசில். நாற்காலி. சிரிப்பு.

குட்டி தலையைத் தூக்கிக் கேட்டாள். முழுசாகக் கேட்டாள். "இது நீம்மா" என்றாள்.

"ஆமா."

அதற்குள் பதிவு மேலே ஓடியது. சுருக்கெழுத்து அம்மாவின் களுக். "யாரு சிரிச்சது?" "நான்தான் சார்." "நேரத்தைக் குறிங்க." "நான் சிரிச்சதையும் நானே எழுதணுமா சார்?" எல்லாம் முடிந்து ஒரு டிக் சத்தத்தோடு நின்றது. குட்டி பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பப் படத்தில் குனிந்தாள். நான் டிவியை அணைத்தேன். சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். இனி இந்த வீட்டில் அவரைக் கேட்க முடியாது என்று மனசை ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது.

திரும்பினேன். குட்டி பென்சிலைக் கீழே போட்டிருந்தாள். மூக்கில் விசில். பிறகு ஆளே குலுங்க ஆரம்பித்தாள். "அந்தம்மா... அவங்க சிரிச்சதை... அவங்களே எழுதணுமாம்மா" என்று சொல்ல வந்து, சொல்ல முடியாமல், தரையில் புரண்டு சிரித்தாள். நான் செய்து காட்டியது மாதிரி இல்லை. அவர் சிரித்தது மாதிரி. பெரிய சிரிப்பு, தெருமுனை வரை கேட்கிற சிரிப்பு.

அவளை வாரி எடுத்துக்கொள்ளத்தான் ஓடினேன். சத்தியமாக அதற்குத்தான் ஓடினேன். ஆனால் அவளைத் தாண்டிப் போய், முதலில் ஜன்னலைச் சாத்தினேன்.